இரைச்சலுக்குப் பின்னால் ஒரு காது

அத்தியாயம் 4

அழைப்பு மணியின் பொத்தானை சுஐபு அமுக்கினான். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அமுக்கியபோது பொத்தான் உள்ளே போய்த் திரும்பி வரவே இல்லை.

“வாசல்ல மணியே செத்துக் கெடக்கு. இவுக போனைப் பாக்க நம்மளைக் கூப்பிட்டிருக்காக” என்றான். “கால் ஒடிஞ்சு கெடக்குறவன் முடி வெட்ட ஆள் கூப்பிட்ட மாதிரி.”

கோகிலா சிரிக்கவில்லை. பொத்தானைச் சுற்றிப் பூத்திருந்த பச்சைக் களிம்பைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, நிலைக்கு மேலே தொங்கிய சிவப்புத் துணி மூட்டையைப் பார்த்தாள். கண்ணேறு படாமலிருக்கக் கல்லுப்பும் படிகாரமும் முடிந்து தொங்கவிட்டது. ஐப்பசி மாதம். மழை ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்ததே தவிர இறங்கவில்லை. ஈரக்காற்றில் உப்பு கசிந்து, மூட்டையின் அடியில் ஒரு சொட்டு விழுவதா வேண்டாமா என்று நின்றது.

ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் கோகிலாவின் துப்பறியும் அலுவலகம். கீழே சுஐபின் செல்போன் பழுதுபார்க்கும் கடை. மாப்பிள்ளை குடிப்பானா, பெண் வீட்டில் வம்பு வழக்கு உண்டா என்று விசாரிப்பதுதான் அவளுக்குப் பெரும்பாலும் வேலை. வயர் சம்பந்தப்பட்ட வேலை வந்தால் கீழே இறங்கி சுஐபைக் கூட்டிக்கொண்டு போவாள். அவன் வாயும் கூடவே வரும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

நயினார்கோவிலைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்தது இந்த ஊர். செல்போனில் சிக்னல் ஒரு கோடு வந்தால் அன்று திருவிழா. மிளகாய்க் காட்டுக்கு நடுவே பதினைந்து இருபது வீடுகள். அதில் பெரிய வீடு யோகேஸ்வரனுடையது.

கதவைத் திறந்தவர் அவரேதான். ஐம்பதைத் தாண்டியவர். எண்ணெய் தடவி வழித்துச் சீவிய தலை, சலவைச் சட்டை, தணிந்த குரல்.

“வாங்கம்மா. வா தம்பி. பெல் வேலை செய்யாது, சொல்ல மறந்துட்டேன்.”

உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஒரே மகள் முருகலட்சுமி போன வருஷம் வேறு சாதிப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள். இப்போது நிறைமாதம். அம்மா கூட இருக்க வேண்டும் என்கிறாள். ஆனால் இருக்கிற இடத்தைச் சொல்லப் பயப்படுகிறாள்.

“மொதல்ல பரமக்குடியில இருந்துச்சுக. முகத்தைக் கட்டிக்கிட்டு ஆளுக போயிட்டாங்ய. பின்வாசல் வழியா ஓடித் தப்பிச்சுக. அப்புறம் சாயல்குடி. அங்கன மாப்பிள்ளை கையை ஒடிச்சுப் போட்டாங்ய. பிள்ளை அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால தப்பிச்சா.” அவர் தரையைப் பார்த்தார். “ரெண்டு தடவையும் அதுக்கு முதல் நாள்தான் இந்தப் போன்ல அவ அம்மாகிட்ட இடத்தைச் சொல்லியிருக்கா. வேற யார்கிட்டயும் சொல்லல.”

“நீங்க?” என்றாள் கோகிலா.

“ஆரம்பத்துல நானும் குதிச்சவன்தான். இவ செல்போனைக்கூடப் பிடுங்கி உடைச்சேன். இப்ப மனசு ஆறிப்போச்சும்மா. பேரப்பிள்ளை வரப்போகுது.” சன்னல் பக்கம் கை காட்டினார். “எங்க அண்ணன் வீரபத்திரன் பக்கத்து வீடு. அவனுக்குத்தான் ஆறல. அவன் வீட்டுக்கும் அதே கம்பத்துல இருந்துதான் வயர் போகுது. அங்கன இருந்து ஒட்டுக் கேக்குறானோன்னு சந்தேகம். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாது.”

போனில் சில மாதங்களாக ஒரே இரைச்சல். வெளியாள் யாராவது லைனைச் சோதித்து, யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்று தன்னிடமே சொன்னால்தான் இடத்தைச் சொல்வேன் என்று முருகலட்சுமி சொல்லிவிட்டாளாம். இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார் யோகேஸ்வரன். “நாளைக்கே இவளைக் கூட்டிக்கிட்டுப் போய் விட்டுருவேன்.”

அடுப்படி வாசலில் அவர் மனைவி நாகலெட்சுமி நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் சேலை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். புருஷனைப் பார்த்த அவள் கண்ணில் நன்றி இருந்தது. அதை சுஐபு கவனித்தான்.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். டயல் டோனுக்கு நடுவே யாரோ கடுகு தாளித்தார்கள்.

பையிலிருந்து தன் சொந்தப் போனை எடுத்து மாட்டினான். அதிலும் தாளிப்பு. போனுக்கும் சுவருக்கும் இடையில் ஓடிய வயரை மாற்றினான். தாளிப்பு நிற்கவில்லை.

“போன் மேல குத்தம் இல்ல” என்றான். “பாவம், சும்மா சந்தேகப்பட்டுட்டோம்.”

வீட்டின் பக்கவாட்டில் ஒரு குறுகிய சந்து. ஒரு முனையில் மதிற்சுவர், மறுமுனையில் அடுப்படிக் கதவு. கம்பத்திலிருந்து வந்த கம்பி அங்கே இறவாரத்துக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழைந்து, வீட்டு வயரோடு சேர்ந்து, சன்னல் ஓரமாக உள்ளே போனது. சுஐபு வீட்டு வயரைக் கழற்றிவிட்டு, வெளிக்கம்பியில் தன் போனை நேராக இணைத்துக் கேட்டான். சங்கீதக் கச்சேரிக்குச் சுருதி கூட்டியது போல டயல் டோன் சுத்தமாக வந்தது.

“கம்பத்துல இருந்து வர்றது சுத்தம். இரைச்சல் இந்தப் பெட்டிக்குள்ளதான் பிறக்குது” என்றான்.

திருகாணிகளைப் பச்சைக் களிம்பு தின்றிருந்தது. அவற்றை மாற்றி, கம்பி முனைகளை வெட்டிச் சுரண்டிப் புதிதாக முடுக்கினான். உள்ளே போய்க் கேட்டான். தாளிப்பு நின்றுவிட்டது. கம்பம் வரை நடந்து பார்த்தான். கிளை எதுவும் பிரியவில்லை, ஒட்டு எதுவும் இல்லை.

“ஒட்டுக் கேக்குறவன் எதுக்குக்கா இரைச்சல் போடப்போறான்?” என்றான் திரும்பி வந்து. “திருட வாரவன் காலுல சலங்கை கட்டிக்கிட்டா வருவான்? இந்தக் கம்பியில காது கீது எதுவும் இல்ல.”

அடுப்படிக் கதவருகே நின்ற யோகேஸ்வரன் நெஞ்சில் அடைத்திருந்த மூச்சை வெளியே விட்டார். “இதையே அப்படியே பிள்ளைகிட்ட சொல்லிருங்க” என்று சொல்லிவிட்டு, காப்பி போடச் சொல்ல உள்ளே போனார்.

கோகிலா நகரவில்லை. பெட்டிக்கு நேர் மேலே ஓர் ஆணி இருந்தது. அதில் அறுபட்ட சிவப்பு நூல் ஒரு முடிச்சு. ஆணியிலிருந்து பெட்டி வரைக்கும் சுவரில் வெள்ளையாக ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“அரசு ஆய்வகம் மூடிட்டாங்களாக்கா?”

“உப்பு.”

“கடல் காத்து.”

“கடல் காத்து சுவரு பூராவும்ல அடிக்கும்? இப்படிக் கோடு போட்டா இறங்கும்?”

சுஐபு கோட்டைப் பார்த்தான். ஆணியைப் பார்த்தான்.

“வாசல்ல ஒரு மூட்டை தொங்குது. அது வர்றவுக போறவுக கண்ணுக்கு” என்றாள் அவள் தணிந்த குரலில். “இந்தச் சந்துக்குள்ள எவன் கண்ணு வரப்போகுது? வாசல் மூட்டை சொட்டிச் சொட்டி மணியைக் கொன்னுருக்கு. அதைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்ட யாரோ போனுக்கும் ஒண்ணு கட்டியிருக்காக. நம்ம வாரோம்னு தெரிஞ்சதும் அறுத்து எடுத்திருக்காக.”

“பேச விடாமப் பண்ணவா?”

“பேச விடாமப் பண்ணணும்னா கம்பியைச் சுண்டி அறுத்தாப் போதும். மாசக் கணக்கா உப்பு கட்ட வேண்டியதில்ல. இவுகளுக்குப் பேச்சும் வேணும், இரைச்சலும் வேணும்.” அவள் அடுப்படிக் கதவைப் பார்த்தாள். “நீ உன் போனை இந்தப் பெட்டியில மாட்டிக்கிட்டு இங்கனயே இரு. நான் உள்ள போயி அந்தக்காவை ரிசீவர்ல பேசச் சொல்றேன். எப்படிக் கேக்குதுன்னு சொல்லு.”

சுஐபு போனை மாட்டினான். சன்னலுக்குக் கீழே ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தான்.

“அலோ! தம்பீ! கேக்குதாய்யா?”

காது கிழிந்துவிடும் போலிருந்தது. “லைன் நல்லா இருக்குத்தா. மெதுவாப் பேசலாம்.”

“பழகிப்போச்சுய்யா! இந்தக் கருமம் இரையிற இரைச்சலுக்குக் கத்துனாத்தான அவளுக்குக் கேக்கும்! அவ ஒரு ஊரைச் சொன்னா நான் ரெண்டு தரம் திருப்பிச் சொல்லி, சரியான்னு கேட்டாத்தான் விளங்கும்! பரமக்குடியா, எந்தத் தெருன்னு கத்திக் கத்தித் தொண்டையே போச்சு!”

சுஐபு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தான். சன்னல் வழியாகக் குரல் அப்படியே கேட்டது. ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. ரிசீவரை மடியில் வைத்துவிட்டுக் கேட்டான்.

“சாயல்குடின்னு சொன்னப்பவும் அப்படித்தான்! பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயான்னு எத்தனை தரம் கேட்டேன்!”

மெல்லத் தலையைத் திருப்பினான். அவன் தலை சாய்ந்திருந்த இடத்தில், வெள்ளையடித்த சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. இதே கல்லில் உட்கார்ந்து, இதே போலத் தலையைச் சாய்த்து, யாரோ பல மாதங்கள் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்கள். சுஐபு அவசரமாக எழுந்தான். பிடரியைத் துடைத்துக்கொண்டான்.

கோகிலா வந்தபோது அவன் கறையைக் காட்டினான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“கம்பியில காது இல்ல. சுவத்துல இருந்திருக்கு” என்றாள். “அந்தக்கா ரகசியமாத்தான் பேசியிருப்பா. ரகசியத்தைக் கத்த வைக்கத்தான் உப்பு.”

“வீரபத்திரனா?”

“அவன் மதிலேறிக் குதிக்கணும். இந்தச் சந்துக்கு வழி அடுப்படிக்குள்ள இருந்துதான்.”

அந்த வீட்டில் தலைக்கு எண்ணெய் தடவிச் சீவிய ஆம்பிளை ஒருவர்தான்.

“அப்புறம் எதுக்குக்கா நம்மளைக் கூப்பிட்டான்?”

“இடத்தைச் சொல்ல மாட்டேன்னு பிள்ளை உறுதியா நின்னுருச்சு. இனி ஒளிஞ்சு கேட்டுப் பிரயோசனம் இல்ல. மனசு மாறினவன் மாதிரி பக்கத்துலயே உக்காந்து கேக்கலாம்னு பாத்துருக்கான். நம்மளைக் காதைக் கண்டுபிடிக்கக் கூப்பிடல, சுஐபு. காது இல்லைன்னு சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கான்.”

உள்ளே காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது.

“எண்ணெய்க் கறையை வச்சு எவனையும் பிடிக்க முடியாது” என்றாள். “அறுத்த மூட்டை எங்க?”

“குப்பையில போட்டிருப்பான்.”

“எங்க ஆளுக உப்பை மிதிபடப் போட மாட்டாக. அதுலயும் கண்ணேறு கழிக்கக் கட்டினது. ஓடுற தண்ணியிலயோ கடல்லயோதான் கரைக்கணும். அது வரைக்கும் வீட்டுக்குள்ளயும் கொண்டு போக மாட்டாக. வெளியில, கால் படாத இடம். தேடு.”

கண்மாய் இன்னும் நிறையவில்லை. கடலுக்குப் போக வண்டி வேண்டும். சுஐபு முன்பக்கம் வந்தான். வேப்பமரத்தடியில் யோகேஸ்வரனின் பைக் நின்றது. பக்கவாட்டில் ஒரு தகரப் பெட்டி. பூட்டு இல்லை, கொக்கி மட்டும்தான்.

திறந்தான். ஈரத்தில் கனத்த சிவப்பு மூட்டை. அதன் சாயம் கையெல்லாம் ஒட்டியது. அதற்குக் கீழே நாளிதழில் சுற்றிய நீளமான ஒன்று. உப்பு நீர் காகிதத்தை ஊறவைத்துக் கிழித்திருந்தது. கிழிசல் வழியாக அரிவாள் தெரிந்தது. புதியது. பட்டறையின் சாணைக் கோடுகள்கூட மறையவில்லை. அந்தப் பளபளப்பின் மேல், உப்பு பட்ட இடங்களில் மட்டும் சிவப்பாகத் துருப்புள்ளிகள் விழத் தொடங்கியிருந்தன.

சுஐபு வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். பெட்டியை மூடினான்.

அப்போது வீட்டுக்குள் போன் மணி அடித்தது.

ஓடினான். கூடத்தில் போனை ஒட்டி நாற்காலியைப் போட்டு யோகேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். எதிரே நாகலெட்சுமி, போனை நோக்கி நீண்ட கை பாதியில் நிற்க.

“நீங்க எடுங்கம்மா” என்றார் அவர் கோகிலாவிடம். “நீங்க சொன்னாத்தான் நம்புவா.”

கோகிலா சுஐபைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையசைத்தான். அவள் போனையே கையில் தூக்கி, யோகேஸ்வரனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ரிசீவரை எடுத்தாள்.

“அலோ! முருகலட்சுமியா? நான் லைன் பாக்க வந்தவ பேசுறேன்!” கத்தினாள்.

“சொல்லுங்கக்கா. நல்லாக் கேக்குது.” எதிரே வந்து நின்ற சுஐபுக்கு அந்தப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. நாகலெட்சுமிக்கும் கேட்டிருக்கும். கோகிலா ரிசீவரைக் காதோடு இறுக அழுத்திக்கொண்டாள்.

“கேக்கலம்மா! திருப்பி இரையுது! எங்க? தங்கச்சிமடமா? மாதா கோயிலுக்குப் பின்னாலயா? ஓட்டு வீடா? அலோ! அலோ!”

அவள் கட்டைவிரல் ரிசீவர் வைக்கும் கொக்கியை அழுத்துவதை சுஐபு மட்டும் பார்த்தான்.

“கட்டாயிருச்சு.” அவள் திரும்பி சுஐபை முறைத்தாள். “நீ முடுக்குன லட்சணம் இதுதானா?”

“துரு உள்ள வரைக்கும் போயிருக்குக்கா. ஒரேயடியா விடுமா?” என்றான்.

யோகேஸ்வரன் நாற்காலியில் அசையாமல் இருந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

“ஒனக்குக் கேட்டுச்சா? தங்கச்சிமடம்னுதான் சொன்னாளா?”

மகள் அப்படிச் சொல்லவில்லை என்பது நாகலெட்சுமிக்குத் தெரியும். லைனில் இரைச்சல் இல்லை என்பதும் தெரியும். தெரியாத ஒன்றைத் தேடுவது போல அவள் கண்கள் கோகிலாவின் முகத்துக்குப் போயின, சுஐபின் முகத்துக்குப் போயின, கடைசியில் அவன் கைகளில் வந்து நின்றன. உள்ளங்கையெல்லாம் சிவப்புச் சாயம். அது அவளுடைய பழைய சேலையின் சாயம். அந்தச் சேலையில் கிழித்துத்தான் அவள் புருஷன் மூட்டை கட்டுவான். வாசலுக்கு ஒன்று, இன்னொன்று எதற்கு என்று அவள் கேட்டதில்லை.



“ஆமா” என்றாள் நாகலெட்சுமி. பிறகு குரலை உயர்த்தி, இத்தனை மாதங்களாகக் கத்திய அதே குரலில் சொன்னாள். “தங்கச்சிமடந்தான்! மாதா கோயிலுக்குப் பின்னால! ஓட்டு வீடுன்னு சொன்னா!”

யோகேஸ்வரன் எழுந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. “நல்லதாப் போச்சு. நாளைக்குப் போவோம். நான் இப்ப கடைத்தெரு வரைக்கும் போயி, பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வாரேன்.”

அவர் படியிறங்கியதும், தகரப் பெட்டிக்குள் பார்த்ததை சுஐபு கோகிலாவின் காதில் சொன்னான். பைக் கிளம்பியது. சுஐபு வாசல் மறைவிலிருந்து பார்த்தான். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வீட்டு முன்னால் அது நின்றது. ஹாரன் ஒரு முறை ஒலித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வீரபத்திரன் இறங்கி வந்தான். பின்னால் ஏறி உட்கார்ந்தான். தகரப் பெட்டி மேல் அவன் முழங்கால் உரச, வண்டி கிழக்கே திரும்பியது.

உள்ளே கோகிலா சன்னல் வழியாகப் பார்த்தபடியே போலீசுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். வண்டி நம்பர், இரண்டு ஆட்கள், பெட்டிக்குள் அரிவாள். “பாம்பன் பாலத்துல மறிங்க. தங்கச்சிமடம் இருக்குற தீவுக்குப் போக அவங்களுக்கு வேற ரோடு கிடையாது.” போனை வைத்தாள்.

“அரிவாளை எடுத்து ஒளிச்சிருப்பேன்க்கா” என்றான் சுஐபு.

“எடுத்திருந்தா பெட்டிக்குள்ள உப்பு மட்டுந்தான் இருந்திருக்கும். உப்பு வச்சிருந்தான்னு எந்தச் சட்டத்துல உள்ள போடுவாக?”

பெற்ற பிள்ளையை வெட்டக் கிளம்பிய கை, உப்பு காலில் மிதிபடக் கூடாது என்று பத்திரப்படுத்தியிருக்கிறது. சுஐபு இதைச் சொல்ல நினைத்து, நாகலெட்சுமியைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“பரமக்குடியும் சாயல்குடியும்…” என்றாள். “ரெண்டையும் என் வாயாலதான் கேட்டானா? நாந்தான் காட்டிக் கொடுத்தேனா?”

கோகிலா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே வானம் இருண்டுகொண்டே வந்தது. பாலத்தில் மறித்தார்களா, வழியில் சந்தேகம் வந்து வண்டி திரும்புகிறதா, எதுவும் தெரியாது. எங்கோ ஒரு மோட்டார் சத்தம் கேட்டபோதெல்லாம் சுஐபு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

போன் அடித்தது.

நாகலெட்சுமி எழுந்தாள். போனிடம் போகவில்லை. நேராகச் சந்துப் பக்கத்துச் சன்னலுக்குப் போய், கதவுகளை இழுத்துச் சாத்தி, கொக்கியை மாட்டினாள். அப்புறம்தான் வந்து ரிசீவரை எடுத்தாள்.

“யாத்தா…” என்றாள். அவள் குரல் இவ்வளவு சன்னமானது என்பது சுஐபுக்கு அப்போதுதான் தெரிந்தது. “பேசாம கேளு. நீ எங்க இருக்கேன்னு எங்கிட்ட சொல்லாத. இல்ல, நான் வரல. அம்மாவுக்குத் தெரியவே வேணாம்.”

எதிர்முனையில் மகள் அழுவது கேட்டது. நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு, அந்த அழுகை முழுவதையும் காதில் வாங்கிக்கொண்டாள்.

“அழுகாத. பிள்ளை பிறந்ததும், அது அழுகுற சத்தத்தை மட்டும் இதுல ஒரு தரம் கேக்க வையி. இப்ப லைன் நல்லாக் கேக்குது.”